கொதிப்பது ஓரிடம், கோளாறு வேறிடம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் புல்ஹெட் சிட்டி என்றோர் ஊர் இருக்கிறது. கோடையில் 45 டிகிரி வெயில் அங்கே செய்தியே இல்லை. டேவிஸ் அணையை ஒட்டிய ஆற்றங்கரையிலிருந்து கிளம்பும் மாநில நெடுஞ்சாலை 68, கிழக்கே மலையைப் பிடித்து ஏறுகிறது. சுமார் 18 கிலோமீட்டர் தொலைவுக்குள் 900 மீட்டர் உயரம். சாலை அகலமானது, வளைவுகள் குறைவு. அதனால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க எந்தச் சாக்கும் கிடைக்காது. எஞ்சின் முழு மூச்சோடு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் 2008-இல் வெளியிட்ட ஜே2807 என்னும் தரநிலை, இந்த ஏற்றத்தைப் பரீட்சைக் கூடமாக்கியது. பிக்கப் டிரக்கின் பின்னால் அது இழுக்கும் என்று கம்பெனி சொல்லும் எடை முழுவதையும் மாட்ட வேண்டும். அடிவாரத்தில் வெப்பம் 38 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஏ.சி. முழு அளவில் ஓட வேண்டும். மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்கக் கூடாது. பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு மட்டும் 56 வரை சலுகை. உச்சியை அடையும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்திருந்தாலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் வெளியே கொட்டியிருந்தாலோ தோல்விதான். அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதைத் தானே எழுதிக்கொண்டது. டொயோட்டா 2011 மாடல்களிலேயே இந்தப் பரீட்சைக்கு உட்பட்டது. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகள் 2015 மாடல்கள் வரும்வரை இழுத்தடித்தன. விளம்பரத்தில் போட்ட எண்களைக் குறைத்து எழுத எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்?

வண்டி கொதிக்கிறதா, இல்லையா என்பதைச் சொல்வதோடு பரீட்சை முடிந்துவிடுகிறது. ஏன் கொதிக்கிறது என்ற கேள்வி பட்டறைக்காரருடையது. அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தால் ஒரே கதை வேறு வேறு உடையில் வருகிறது. ஆவி கிளம்புவது ரேடியேட்டரில். அதனால் பழியும் முதலில் ரேடியேட்டர் மேல் விழுகிறது. உண்மையான கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது.

எஞ்சினுக்குள் எரியும் எண்ணெயின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல டீசல் எஞ்சினில் 40 விழுக்காடு வரை, வேலையாக மாறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் சிலிண்டரைச் சுற்றி ஓடும் நீர் வழியாகவும் வெளியே போயாக வேண்டும். கார்ல் பென்ஸின் முதல் மோட்டார் வண்டியில் இதற்கு இருந்த ஏற்பாடு மிக எளிது: தண்ணீர் கொதித்து ஆவியாகும், தீர்ந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனபோது, வழி நெடுக ஊர்க் கிணறுகளிலும் ஓடைகளிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டே போனார். கொதிப்பது அப்போது கோளாறே இல்லை. வண்டி ஓடும் விதமே அதுதான்.

கொதிப்பைக் கோளாறாக்கியவர் வில்ஹெல்ம் மேபாக் என்று சொல்லலாம். 1901-இல் வந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸுக்காக அவர் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். 6 மில்லிமீட்டர் சதுரத் துளையுள்ள 8,070 சிறு குழாய்களை அடுக்கிப் பற்றவைத்த பெட்டி அது. காற்று குழாய்களுக்குள் நுழைந்து போகும். தண்ணீர் அவற்றின் வெளிப்புறத்தைச் சுற்றி இறங்கும். ஒன்பது லிட்டர் தண்ணீரே மொத்த எஞ்சினுக்கும் போதுமானது. தண்ணீர் தீராத வண்டி வந்த பிறகுதான், தண்ணீர் தீர்ந்தால் ஏன் தீர்ந்தது என்று கேட்க முடிந்தது.

ஃபோர்டின் மாடல் டி, 1908-இல் வந்தபோது முதல் 2,500 வண்டிகள் வரைதான் தண்ணீர் பம்புடன் வெளிவந்தன. பிறகு ஹென்றி ஃபோர்டு அந்தச் செலவையும் மிச்சப்படுத்தினார். சூடான நீர் மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியே சுழற்சியைப் பார்த்துக்கொண்டது. ஒரே நிபந்தனை, நீர்மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே போகக் கூடாது. போனால் சுழற்சி அறுந்துவிடும். ரேடியேட்டர் பாதி நிறைந்திருக்கும்போதே எஞ்சின் கொதிக்கும். தண்ணீர் இருக்கிறதே, ஏன் கொதிக்கிறது என்று குழம்பிய விவசாயிகள் அன்றைக்கு நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

நோய் பார்க்க முதல் கருவி 1912 வாக்கில் வந்தது. பாய்ஸ் மோட்டோமீட்டர். ரேடியேட்டர் மூடியின் உச்சியில் திருகி வைத்த ஒரு வெப்பமானி. சிவப்புத் திரவம் ஏறுவதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்க்கலாம். பார்க்க அழகாகவும் இருந்ததால் வண்டியின் நெற்றிப்பொட்டாகவே அது ஆகிவிட்டது. ஆனால் அதன் முனை தண்ணீருக்குள் இல்லை, தண்ணீருக்கு மேலே ஆவி நிற்கும் இடத்தில் இருந்தது. எஞ்சினின் சூட்டை எவரும் நேராக அளப்பதில்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றைத்தான் அளக்கிறோம் என்ற சங்கடம் அன்றே தொடங்கிவிட்டது. 1920களின் கடைசியில் முள் காட்டும் மீட்டர் டாஷ்போர்டுக்குள் வந்த பிறகும் அது தீரவில்லை. கூலண்ட் முழுக்கக் கொட்டிப் போனால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும். முள் சாவதானமாகக் கீழே இறங்கும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாமல் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்பதை அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் அறிவார்கள்.

பாலைவனச் சாலைகள் தமக்கென ஒரு பழக்கத்தையே உண்டாக்கின. முன்பம்பரில் கித்தான் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு மோஹாவே பாலைவனத்தைக் கடந்தார்கள். துணியில் கசியும் நீர் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர வைக்கும். எஞ்சினுக்கும் ஆகும், மனிதருக்கும் ஆகும். டெத் வேலியின் செங்குத்தான சாலைகளில் ரேடியேட்டருக்கென்றே தண்ணீர்த் தொட்டிகள் வைத்தார்கள். லாஸ் வேகஸ் போகும் நெடுஞ்சாலையில், பேக்கர் என்ற சிற்றூரைத் தாண்டியதும் வரும் நீண்ட ஏற்றத்தில், ஏ.சி.யை நிறுத்துங்கள் என்று சொல்லும் பலகையும் உண்டு.

பனிக்காலத்தில் வேறு விளையாட்டு. தண்ணீர் உறையாமலிருக்க ஆல்கஹால் கலந்தார்கள். அது 80 டிகிரிக்குள்ளேயே கொதித்துப் பறந்துவிடும். ஒரு மேட்டை ஏறி இறங்கினால் ரேடியேட்டரில் மிச்சமிருப்பது வெறும் தண்ணீர். அது அடிப்பக்கத்தில் உறைந்து அடைத்துக்கொள்ள, சுழற்சி நின்று, கொட்டும் பனியில் வண்டி கொதிக்கும். 1927-இல் யூனியன் கார்பைடு கம்பெனி ப்ரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்காலை விற்கத் தொடங்கியபோதுதான் இந்த வேடிக்கை ஓய்ந்தது. கிளைக்கால் பறப்பதில்லை. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சுழியத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. கொதிநிலையும் சில டிகிரி கூடும்.

கொதிநிலையை இன்னும் மேலே தள்ளியது ரேடியேட்டர் மூடி. உள்ளே ஒரு சுருள்வில், ஒரு ரப்பர் வளையம். பார்த்தால் அற்பப் பொருள். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தை அது பிடித்து நிறுத்தினால், அந்தப் பாதிக்குப் பாதிக் கலவை 129 டிகிரி வரை கொதிக்காது. வில் தளர்ந்தால், வேறு எந்தப் பழுதும் இல்லாத வண்டி மேட்டில் பொங்கும். எஞ்சின் சூடு வழக்கமான அளவுதான், மூடிதான் தன் வேலையைச் செய்யவில்லை. ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் முன் மூடியை மாற்றிப் பார் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். இந்த அற்பப் பொருளில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடி செய்யும் எந்திர வரிசையை வாங்கி இங்கே கொண்டுவந்து நிறுவியது. அமெரிக்க வண்டிகளுக்கு மூடி இங்கிருந்து கப்பலேறியது. சிறந்த சப்ளையர் விருதை ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குப் பல முறை கொடுத்தது.

ரேடியேட்டரைச் சுற்றி ஒரு தனித்தொழிலும் வளர்ந்தது. செம்பும் பித்தளையுமான ரேடியேட்டரை அடுப்பில் காட்டி, ஈயப்பற்றை உருக்கி, மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் பிரித்தெடுப்பார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பியை விட்டுக் குத்திச் சுண்ணாம்புப் படிவை வெளியே தள்ளுவார்கள். காரத் தொட்டியில் ஊறவைத்து, மறுபடி பற்றவைத்து, காற்றடித்து நீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்க நகரங்களில் இப்படிப்பட்ட பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. ஈயப்புகை அந்தத் தொழிலாளர்களின் இரத்தத்தில் ஏறியதை, 1987-இல் பாஸ்டன் பட்டறைகளைப் பற்றி வெளியான மருத்துவ ஆய்வு எடுத்துக்காட்டியது. அதற்குள் பிளாஸ்டிக் தொட்டியை மடித்துப் பொருத்திய அலுமினிய ரேடியேட்டர் பரவத் தொடங்கிவிட்டது. அதைப் பிரிக்கவும் முடியாது, கம்பி விடவும் முடியாது. கழற்றிப் போட்டுப் புதிதை மாட்ட வேண்டியதுதான். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அடைப்பு எங்கே, எவ்வளவு என்று குழாய் குழாயாகச் சொல்லத் தெரிந்த கைகளும் அவற்றோடு போயின.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே டீசல் பிக்கப்புக்குள் நுழைந்திருந்தது. எரிபொருள் நெருக்கடியின் சூட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1978 மாடல்களில் ஓல்ட்ஸ்மொபீல் 5.7 லிட்டர் வி8 டீசலைக் கொண்டுவந்தது. கார்களோடு செவ்ரலே சி10 பிக்கப்பிலும் அதை மாட்டினார்கள். இந்த டீசல் எஞ்சினில் காற்றை 22 மடங்குக்கும் மேல் நெருக்கிச் சூடாக்கித்தான் எரிய வைக்க வேண்டும். அந்த அழுத்தத்தை எதிர்த்து, சிலிண்டர்களை மூடும் ஹெட்டைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள், பெட்ரோல் எஞ்சினில் இருந்த அதே எண்ணிக்கையில், அதே இடங்களில் வைக்கப்பட்டன. தொழிற்சாலை எந்திரங்களை மாற்றும் செலவு மிச்சம் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. போல்ட் நீண்டது, ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் கிழிந்தது, கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கியது. தண்ணீரை நெருக்க முடியாது என்பதால் சில எஞ்சின்களில் உள்ளே உடைப்பே நடந்தது.

பட்டறைக்கு வந்தபோது நடந்ததுதான் இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி. கேஸ்கட் போயிருக்கிறது என்பதை மெக்கானிக்குகள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். கேஸ்கட்டை மாற்றினார்கள். ஏற்கெனவே நீண்டுவிட்ட போல்ட்டுகளையே மறுபடி முறுக்கினார்கள், பெட்ரோல் எஞ்சினில் காலங்காலமாகச் செய்து வந்ததைப் போல. சில மாதங்களில் வண்டி திரும்பி வந்தது. எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் இல்லாததால் இன்ஜெக்‌ஷன் பம்புகள் துருப்பிடித்தது தனிக் கதை. வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்குகள் போட்டார்கள். 1985-இல் அந்த எஞ்சின் நின்றது. அமெரிக்கக் கார்ச் சந்தையில் டீசலின் பெயர் ஒரு தலைமுறைக்குக் கெட்டது. பிக்கப்பில் மட்டும் அது தப்பிப் பிழைத்தது, ஏனென்றால் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு வேறு வழியில்லை.

டீசலின் சூட்டைக் கண்டுபிடிப்பது பெட்ரோல் வண்டியைவிடக் கடினம். சும்மா நிற்கும் டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் ஏராளமான காற்றை இழுத்து, துளி எண்ணெயை மட்டும் எரிக்கிறது. அதனால் சூடே ஏறாது. பட்டறை வாசலில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் முள் அசையாது. பின்னால் மூன்று டன் டிரெய்லரை மாட்டி மேடு ஏறும்போது மட்டும் நோய் தலைகாட்டும். பட்டறைக்குத் திரும்பி வருவதற்குள் மறைந்துவிடும். ஆகவே நல்ல டீசல் மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன் வாயைத் திறப்பார். எப்போது சூடாகிறது? ஊருக்குள் நின்று நின்று போகும்போதா? அப்படியானால் ஃபேன் மேல் சந்தேகம். நெடுஞ்சாலையில் மெல்ல மெல்ல ஏறுகிறதா? காற்று அல்லது நீர் போகும் வழியில் அடைப்பு. கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஏறி, சட்டென்று இறங்குகிறதா? கூலண்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கலாம். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய உடனே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? இவ்வளவு சீக்கிரம் அழுத்தம் வர வழியில்லை. சிலிண்டரிலிருந்து புகை கூலண்டுக்குள் புகுகிறது, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டிகளில் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் சுற்றுவதில்லை. நடுவில் உள்ள கிளட்சில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது; முன்பக்கத்து இரட்டை உலோகச் சுருள் சூடுபட்டுத் திரும்பினால்தான் எண்ணெய் பாய்ந்து ஃபேன் பிடிக்கும். பிடித்துவிட்டால் லாரி கடப்பது போன்ற உறுமல் ஓட்டுநருக்குக் கேட்கும். மேட்டில் முள் ஏறியும் அந்த உறுமல் வரவில்லை என்றால் பாதி நோய் தெரிந்துவிட்டது. இதற்குக் கருவி வேண்டாம், காது போதும்.

கேஸ்கட் சந்தேகத்துக்கு ஒரு ரசாயனச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். கரியமில வாயு இருந்தால் நிறம் மாறும். பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும். டீசலில் பச்சை வரைதான் போகும், காரணம் அதன் புகையில் கரியமில வாயுவின் செறிவு குறைவு. மஞ்சளுக்காகக் காத்திருந்து, கேஸ்கட் நன்றாயிருக்கிறது என்று வண்டியை அனுப்பிவிடும் ஆபத்து இதில் உண்டு.

ஃபோர்டு 1983-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரிடமிருந்து 6.9 லிட்டர் டீசலை வாங்கித் தன் பிக்கப்புகளில் போட்டது. முரட்டு எஞ்சின், நல்ல பெயர். 1988-இல் சிலிண்டரின் விட்டத்தை 101.6 மில்லிமீட்டரிலிருந்து 104.4 ஆகக் கடைந்து 7.3 லிட்டர் ஆக்கினார்கள். பிளாக்கின் வெளியளவு மாறவில்லை, சுவர் மெலிந்தது. டீசல் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் சிலிண்டர் சுவர் மணிபோல் அதிர்கிறது. அந்த அதிர்வில் கூலண்டில் நுண்குமிழிகள் பிறந்து, அடுத்த கணமே சுவர்மேல் நொறுங்குகின்றன. நொறுங்கும் ஒவ்வொரு குமிழியும் இரும்பை ஊசிமுனையளவு கொத்துகிறது. ஆண்டுக்கணக்கில் கொத்தினால் சுவரில் துளை விழும். கூலண்டில் நைட்ரைட் சேர்த்த மருந்து இருந்தால் இரும்பின்மேல் ஒரு மெல்லிய படலம் நின்று காக்கும். பெட்ரோல் வண்டிக்கு ஊற்றும் சாதாரணக் கூலண்டை ஊற்றியவர்கள் அந்தப் படலத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. வெள்ளைப் புகை, குறையும் கூலண்ட், ஏறும் சூடு என்று வண்டி வந்தபோது ஹெட்டைக் கழற்றினார்கள், கேஸ்கட் நன்றாயிருந்தது. துளை கீழே, சுவரின் நடுவில். லாரிக்காரர்களுக்குப் பழகிப்போன காகிதப் பட்டைச் சோதனை, கூலண்டில் முக்கி நிறம் பார்ப்பது, பிக்கப் உலகத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்.

டாட்ஜ் 1989-இல் கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் போட்டது. 160 குதிரைத்திறன்தான், ஆனால் இழுவை பிரமாதம். இந்தியர்களுக்கும் இது அந்நியமில்லை. டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் செய்து டாடா லாரிகளில் மாட்டிய எஞ்சின் இதே குடும்பம். இதன் சூட்டுக் கோளாறு ஒன்று விசித்திரமானது. எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் குழாய் முன்பக்கத்தில், ஃபேனுக்கு அருகில் முடிந்தது. வண்டி வயதாக ஆக எண்ணெய் ஆவி அதிகமாகி, ஃபேன் காற்றில் சிக்கி ரேடியேட்டர் முகத்தில் படிந்தது. அதன்மேல் புழுதி ஒட்டியது. முன்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டருக்கு முன் நிற்கும் ஏ.சி. கண்டென்ஸர்தான் கண்ணில் படும். அது பளிச்சென்று இருக்கும். நடுவில் மறைந்திருக்கும் ரேடியேட்டரின் முகத்தில் கம்பளம் விரித்ததுபோல் அழுக்கு. தெர்மோஸ்டாட், பம்ப், மூடி எல்லாம் மாற்றிக் களைத்த பிறகு யாரோ ஒருவர் ரேடியேட்டரைக் கழற்றித் தூக்கிப் பார்ப்பார், விடை கையில் ஒட்டும். இதே வரிசையில் 1999 முதல் 2001 வரை வந்த சில எஞ்சின்களின் பிளாக்கில் 53 என்ற எண் வார்ப்பிலேயே புடைத்திருக்கும். அவற்றின் வெளிச்சுவர் மெல்லியது. பக்கவாட்டில் விரிசல் விட்டுக் கூலண்ட் வடியும். கூலண்ட் குறைகிறது என்று வரும் வண்டியில், எதையும் தொடுமுன் டார்ச் அடித்து அந்த எண்ணைத் தேடுவது மெக்கானிக்குகளின் வழக்கமாயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸின் 6.5 லிட்டர் டர்போ டீசல் 1992-இல் வந்தது. கனமான டிரெய்லரோடு மேடு ஏறினால் சூடாகிறது என்ற புகாரைக் கம்பெனியே ஒருவகையில் ஒப்புக்கொண்டது: 1990களின் நடுவில் அதிக நீர் தள்ளும் பம்பும் இரட்டைத் தெர்மோஸ்டாட்டும் வந்தன. பழைய வண்டி வைத்திருந்தவர்கள் அவற்றை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

இந்த எல்லாக் கதைகளுக்கும் மேல் நிற்பது ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். 2003 முதல் 2007 வரை, நாவிஸ்டார் கம்பெனி செய்து கொடுத்தது. புகையைக் கட்டுப்படுத்தும் புதிய விதிகளுக்காக எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பினார்கள். பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் அந்தப் புகையை முதலில் ஆற்ற வேண்டும். ஆற்றும் வேலையும் கூலண்ட் தலையில் விழுந்தது. ஆக, வெளியே போய்க்கொண்டிருந்த சூட்டைக் கம்பெனியே திருப்பி அழைத்துக் கூலண்டிடம் ஒப்படைத்தது. எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஆயில் கூலர் இருந்தது. கூலண்ட் அதன் நுண்ணிய தட்டுகள் வழியே புகுந்து, ஆயிலை ஆற்றி, அடுத்துப் புகைக் கூலருக்குப் போகும். வார்ப்பிலிருந்து மிஞ்சிய மணலும், சூடுபட்ட கூலண்டிலிருந்து பிரியும் சிலிக்கேட் கசடும் அந்த நுண்வழிகளை அடைத்தன. ஆயில் சூடானது. அடைப்புக்கு அப்பால் கூலண்ட் வரத்து சுருங்க, புகைக் கூலருக்குள் இருந்த கொஞ்சநஞ்சக் கூலண்ட் கொதித்தது, கூலர் வெடித்தது. வால்குழாயில் வெள்ளை ஆவி. சிலிண்டருக்குள் தண்ணீர். முந்தைய 7.3 பவர் ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்கு ஆறு போல்ட்டுகள் ஹெட்டைப் பிடித்திருந்தன, இதில் நான்கே. அடுத்துக் கேஸ்கட்.

முதல் சில ஆண்டுகளில் பட்டறைகள் இந்தச் சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து சரிசெய்தன. கூலண்ட் பாட்டிலின் மூடியைச் சுற்றி வெள்ளைப் படிவு தெரிந்தால் கேஸ்கட்டை மாற்று. புகைக் கூலர் வெடித்தால் அதை மாற்று. புதிய கூலரும் சில மாதங்களில் வெடித்தது, ஏனென்றால் அடைத்த ஆயில் கூலர் அப்படியே இருந்தது. ஓல்ட்ஸ்மொபீலின் நீண்ட போல்ட்டுகள் கால் நூற்றாண்டு கழித்து வேறு உருவத்தில் வந்து நின்றன.

முடிச்சை அவிழ்த்தது டாஷ்போர்டின் முள் இல்லை. அந்த முள் நடுவில் நிற்கும்படி மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஓட்டுநர் வீணாகப் பயப்படக் கூடாதாம். ஸ்டீயரிங்கின் கீழே உள்ள கணினி இணைப்பில் ஒரு சிறு கருவியை மாட்டினால் எஞ்சின் ஆயிலின் சூட்டையும் கூலண்டின் சூட்டையும் தனித்தனி எண்களாகப் படிக்கலாம். நன்றாகச் சூடேறிய வண்டியைச் சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்ட வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையே 15 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 8 டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஆயில் கூலர் அடைத்துக்கொண்டிருக்கிறது. கூலண்ட் இன்னும் கொதிக்கவே இல்லை, ஓட்டுநர் எந்தக் குறையும் சொல்லவில்லை, ஆனாலும் நோய் கைக்குள் வந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளில் வந்த எந்த வெப்பமானியையும்விட இந்தக் கழித்தல் கணக்கு உயர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு சூடு எவ்வளவு என்பதைவிட, இரு சூடுகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதே இதில் கேள்வி. பழைய 6.0 பிக்கப்பை வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் பெயின்ட்டைப் பார்க்கும் முன் அந்தக் கருவியை மாட்டிப் பார்க்கிறார்கள்.

வாரன்ட்டிச் செலவு எகிறியது. 2007 ஜனவரியில் ஃபோர்டு நாவிஸ்டார்மேல் வழக்குத் தொடுத்தது. நாவிஸ்டார் சிறிது காலம் எஞ்சின் அனுப்புவதையே நிறுத்தியது. 2009 ஜனவரியில் சமரசம் ஆயிற்று, உறவும் முடிவுக்கு வந்தது. அடுத்து 2011 மாடலுக்கு ஃபோர்டு தானே வடிவமைத்த 6.7 லிட்டர் டீசல் வந்தது. அதில் இரண்டு தனித்தனிக் குளிர்விப்பு ஓட்டங்கள் உள்ளன. ஒன்று எஞ்சினுக்கு, சுமார் 90 டிகிரியில் ஓடுகிறது. மற்றது 50 டிகிரியை ஒட்டி ஓடி, டர்போ அனுப்பும் காற்று போன்றவற்றை ஆற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி பம்ப், தனி ரேடியேட்டர், தனி கூலண்ட் பாட்டில். அந்த வண்டி ஹீட் ஆகிறது என்று வந்தால், எப்போது சூடாகிறது என்று கேட்கும் முன் மெக்கானிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது: எந்தப் பாட்டிலில் குறைகிறது?